மண்ணின் காட்டுச் செடிகளுக்கான தாவரவியல் பூங்காவைப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நிலப்பகுதியில் தானாக முளைத்து, காலங்காலமாக அங்கேயே வாழ்ந்துவரும் செடிகளை மட்டும் வளர்க்கும் தாவரவியல் பூங்காக்கள் உலகின் பல இடங்களில் உண்டு. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1907 முதல் இருக்கும் எலோயிஸ் பட்லர் காட்டுமலர்த் தோட்டம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் மேசை மலையடிவாரத்தில் 1913இல் தொடங்கிய கிர்ஸ்டன்போஷ், நியூசிலாந்தில் வெலிங்டனின் ஓட்டாரி, கான்பெராவில் 1970இல் முறைப்படி திறக்கப்பட்ட ஆஸ்திரேலியத் தேசியத் தாவரவியல் பூங்கா ஆகியவை பெயர்பெற்றவை. ஓரிரு ஏக்கரில் அமைதியாக நடக்கும் சிறிய பூங்காக்கள் இவற்றைவிட எண்ணிக்கையில் அதிகம்.

மலர்க்காட்சி பார்த்துப் பழகிய கண்ணோடு இங்கே வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் வாசலுக்குத் திரும்பிவிடுவதுண்டு. வரிசையாக நட்ட வண்ணப் பாத்திகள் இருக்காது. பூக்கள் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியவை. காய்ந்த தண்டுகள் வெட்டப்படாமல் நிற்கும், விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கிக்கொண்டிருக்கும். இவை பராமரிப்புக் குறை அல்ல. காய்ந்த தண்டின் உள்ளே தனித்தேனீக்கள் கூடு கட்டும். நின்று காய்ந்த கதிரிலிருந்து பறவைகள் விதை எடுக்கும். மக்கும் மரத்தில் பூஞ்சையும் வண்டும் வாழும். அடுத்த தலைமுறை நாற்று அந்த ஈரத்தில்தான் முளைக்கும்.

ஒரே நாளில் பூங்கா முழுவதையும் சுற்ற நினைக்காதீர்கள். பத்துச் செடிகளைத் தேர்ந்து, தரை முதல் நுனி வரை பாருங்கள். பெயர்ப்பலகையைக் கடைசியில் படியுங்கள். இந்த மூன்றையும் கடைப்பிடித்தாலே பயணம் வீணாகாது. மற்றவை எல்லாம் இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

பருவத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

எந்தப் பூங்கா என்பதைவிட எந்த வாரம் என்பது முக்கியம். காட்டுச் செடிகள் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. குளிர்நாட்டுக் காடுகளில் தரையோரச் செடிகள் மரங்கள் துளிர்ப்பதற்கு முன் கிடைக்கும் சில வார வெயிலில் பூத்து, காய்த்து, மண்ணுக்குள் கிழங்காக ஒடுங்கிவிடும். மினியாபொலிஸில் அது ஏப்ரல் கடைசியும் மே மாதமும். ஜூலையில் போனால் அதே இடத்தில் வெறும் நிழல்தான் இருக்கும். கிர்ஸ்டன்போஷில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வசந்தம். வெப்பமண்டலத்தின் இலையுதிர் காடுகளில் பல மரங்கள் கோடையில் இலையைக் கொட்டிவிட்டு வெறும் கிளையில் பூக்கும். சிறுசெடிகளும் தரை ஆர்க்கிட்களும் மழை தொடங்கிய பிறகுதான் தலைகாட்டும். ஆகவே அங்கே மரத்துக்கு ஒரு பயணம், தரைச்செடிக்கு ஒரு பயணம் என இரண்டு தேவைப்படும்.

பூங்காவின் இணையதளத்தில் 'இப்போது பூத்திருப்பவை' என்ற பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். கான்பெரா பூங்கா இத்தகைய பட்டியலை வாராவாரம் வெளியிடுகிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் தொலைபேசியில் ஒரே கேள்வி போதும்: "இந்த வாரம் எந்தப் பகுதி நன்றாக இருக்கிறது?" சாதாரணமாக "எப்போது வரலாம்?" என்று கேட்டால் திறந்திருக்கும் நேரத்தைத்தான் சொல்வார்கள்.

ஒரு குறிப்பிட்ட செடியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூப்பது; 2006இலும் 2018இலும் பூத்தது. மூங்கில்களில் பல இனங்கள் அதைவிட நீண்ட இடைவெளியில் பூக்கும். பூக்காத ஆண்டில் இவற்றின் இலை, கணு, தண்டு ஆகியவற்றைப் பார்த்துவைத்துக்கொண்டால் பூக்கும் ஆண்டில் தேடவேண்டியிருக்காது.

நாளின் நேரத்தைப் பொறுத்தவரை, வெயில் ஏறி ஒரு மணி நேரம் கழித்து உள்ளே இருப்பது நல்லது. அதற்கு முன் பனியில் நனைந்த பூக்கள் விரிந்திருக்காது, தேனீக்களும் கிளம்பியிருக்காது. நடுப்பகலில் சில பூக்கள் வாடும், நிழல்கள் கடுமையாகி இலை நரம்பு தெரியாது. இரவுப்பூக்களைப் பார்க்க வேண்டுமானால் பூங்கா நடத்தும் மாலை நடையில் சேர வேண்டும், வேறு வழியில்லை.

பட்டியல் போடுதல்

வரைபடத்தையும் தாவரப் பட்டியலையும் முந்தின நாளே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான காட்டுத்தாவரப் பூங்காக்கள் வாழிடவாரியாகப் பிரிக்கப்பட்டவை: பாறை, புல்வெளி, சதுப்பு, நிழற்காடு, கடற்கரை மணல். சில பூங்காக்கள் குடும்பவாரியாகவும் நட்டிருக்கும். வாழிடவாரியானதில் ஒரு முறைக்கு இரண்டு வாழிடம் போதும். ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டைத் தேர்ந்தால் வேறுபாடு உடனே பிடிபடும். பாறையும் சதுப்பும் சேர்ந்தால் மிக நல்ல இணை. ஒவ்வொன்றிலும் ஐந்து செடி. ஒரு மரம், ஒரு புதர், ஒரு கொடி, ஒரு சிறுசெடி, ஒரு புல். புல்லை விட்டுவிடாதீர்கள், ஒரு புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருப்பதே அதுதான், ஆனால் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு செடிக்கு 12 நிமிடம் என்றால் பத்துச் செடிக்கு இரண்டு மணி நேரம். மீதி நடக்கவும், எதிர்பாராமல் கண்ணில் படுவதற்கும்.

கையில் எடுத்துச்செல்ல வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, 15 செ.மீ. அளவுகோல், பென்சில், சிறிய நோட்டுப்புத்தகம், ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய காலணி. பேனா வேண்டாம், ஈரத்தில் எழுத்து கரைந்துவிடும். வாசனைத் திரவியம் பூசிக்கொள்ள வேண்டாம்; பூவின் மணமும் கசக்காத இலையின் மெல்லிய மணமும் அதில் அடிபட்டுப் போகும். தொலைநோக்கி இருந்தால் உயர்ந்த மரத்தின் பூவைப் பார்க்க உதவும்.

கைலென்ஸ் வாங்கியவர்களில் பலர் அதைத் தவறாகப் பிடித்து, ஒன்றும் தெரியவில்லை என்று பையில் போட்டுவிடுகிறார்கள். லென்ஸைப் பூவின் மேல் பிடித்துத் தூரத்திலிருந்து பார்க்கக்கூடாது. கண்ணுக்கு மிக அருகில், கன்னத்தில் விரல் படும்படி வைத்துக்கொண்டு, தலையையும் லென்ஸையும் சேர்த்துப் பூவை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். பத்து மடங்கு லென்ஸில் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. தூரத்தில் உருவம் தெளியும். பூங்காவில் எதையும் பறிக்கக்கூடாது என்பதால், நீங்கள்தான் முழங்காலிட்டு அதன் உயரத்துக்குப் போக வேண்டும். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டிலிருந்து விழட்டும். இருபது மடங்கு லென்ஸ் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்து வாங்காதீர்கள். பார்வைப் பரப்பு குறுகி, காற்றில் ஆடும் பூவைப் பிடிக்கவே முடியாது.

காலணியைத் துடையுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. உங்கள் காலணி மண்ணில் இரண்டு வகை ஆபத்து ஒட்டிவரும். ஒன்று களைவிதை. இன்னொன்று வேர் அழுகல் நோய்க்கிருமி. ஃபைட்டோஃப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர் மண்ணிலும் நீரிலும் பரவி வேரை அழுகச் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் பேங்க்ஸியாக் காடுகளில் அது பெரும் அழிவை உண்டாக்கியது. நியூசிலாந்தின் கௌரி மரங்களைக் கொல்வது அதே பேரினத்தைச் சேர்ந்த ஃபைட்டோஃப்தோரா அகாதிடிசிடா. ஒரு சிட்டிகை ஈரமண் போதும், ஒரு பூங்காவின் அரிய தொகுப்பே போய்விடும்.

கிளம்புவதற்கு முன், அடிப்பகுதிப் பள்ளங்களில் உள்ள மண்ணைக் கெட்டிப் பிரஷ்ஷால் முழுவதும் எடுங்கள். பிறகு 70 பங்கு மெதிலேட்டட் ஸ்பிரிட், 30 பங்கு தண்ணீர் கலந்து அடிப்பகுதி நனையும்படி தெளித்து உலரவிடுங்கள். மண்ணோடு தெளித்தால் பயனில்லை. மருந்து மண்கட்டிக்குள் ஊடுருவாது, கிருமி உள்ளே பத்திரமாக இருக்கும். பூங்கா வாசலில் காலணி கழுவும் இடம் இருந்தால், ஏற்கெனவே சுத்தம் செய்திருந்தாலும் மறுபடி செய்யுங்கள். வெளியே வரும்போதும் இதே வேலை. காலுறையில் ஒட்டிய நாயுருவி போன்ற விதைகளை வழியில் உதறாமல் காகிதத்தில் மடித்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

உள்ளே நுழைந்ததும் நிலத்தைப் பாருங்கள்

முதல் செடியை நோக்கி ஓடாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். மண்ணின் நிறம் என்ன, சரிவு எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே தேங்கும், வெயில் எத்தனை மணி நேரம் விழும் என்று பாருங்கள். பிறகு செடிகளைப் பொதுவாக நோக்கினால் அந்த நிலத்துக்கான விடைகள் இலையிலேயே எழுதியிருக்கும். வறண்ட பாறையில் இலைகள் சிறியவை, தடித்தவை, வெள்ளை ரோமம் போர்த்தியவை, அல்லது முள்ளாக மாறியவை. இருண்ட காட்டுத்தரையில் இலைகள் அகன்று மெல்லியவை. மழைக்காடாக இருந்தால் நுனி நீண்டு வால்போல் தொங்கும். சதுப்பில் தண்டுக்குள் காற்றறைகள். உப்பு மணலில் சதைப்பிடிப்பான இலைகள்.

அந்த நிலத்தைப் பூங்காக்காரர்கள் எப்படி உருவாக்கியிருக்கிறார்கள் என்பதும் பார்க்கத் தகுந்தது. கான்பெராவில் வறண்டு கிடந்த ஓர் ஓடைப்பள்ளத்தில் நீர்த்தூவிகள் அமைத்து மழைக்காட்டையே வளர்த்திருக்கிறார்கள். வேறு பூங்காக்களில் மணலும் சரளையும் கொட்டி மேட்டுப்பாத்தி போட்டிருப்பார்கள், ஏனெனில் பாறைச்செடிகள் பலவற்றுக்கு வறட்சியால் வரும் ஆபத்தைவிட வேரில் தேங்கும் நீரால் வரும் ஆபத்து பெரிது.

கருகிய பாத்தியைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள். புல்வெளிகளையும் புதர்க்காடுகளையும் சில பூங்காக்கள் திட்டமிட்டு எரிக்கின்றன. பேங்க்ஸியாவின் பல இனங்களில் காய்கள் நெருப்புச் சூட்டில்தான் வாய்திறந்து விதையைக் கொட்டும். வேறு சில செடிகளின் விதைகளை எழுப்புவது சூடல்ல, புகை. அதற்குக் காரணமான சேர்மத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். எரிந்த பாத்தியின் ஓரத்தில் குனிந்து பார்த்தால் மற்ற இடங்களில் காணக்கிடைக்காத நாற்றுகள் தெரியும்.

பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். வெறும் மண்ணாகத் தெரியும் இடத்தில் கிழங்குகள் உறங்கிக்கொண்டிருக்கலாம். மிதித்த மண் இறுகி, காற்றும் நீரும் புகாமல் போகும். படம் எடுக்க ஒருவர் இறங்கிய தடத்தில் அடுத்தவர் இறங்குவார். ஒரு பருவத்துக்குள் அங்கே புதுப்பாதையே உருவாகிவிடும்.

ஒரு செடியை முழுமையாகப் பார்க்கும் முறை

பலகையை வேண்டுமென்றே பார்க்காமல், செடியின் எதிரே நில்லுங்கள். பெயரை முதலில் படித்துவிட்டால் கண் அத்தோடு வேலையை நிறுத்திவிடும். பார்க்கவேண்டிய வரிசை இது.

தரையிலிருந்து தொடங்குங்கள். ஒரே தண்டா, அடியிலிருந்தே பல தண்டுகளா? மரமானால் பட்டை வழவழப்பா, வெடிப்பா, செதில் செதிலாக உரிகிறதா? தண்டு உருண்டையா, சதுரமா, முக்கோணமா? எட்டும் தூரத்தில் இருக்கும் தண்டைப் பறிக்காமல் இரண்டு விரலால் மெல்ல உருட்டினால் தெரியும். சதுரத் தண்டும் எதிரெதிர் இலையும் சேர்ந்திருந்தால் துளசிக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். முக்கோணத் தண்டு கோரைகளில் பரவலாக உண்டு. புற்களின் தண்டு உருண்டை, கணுவில் முடிச்சு.

அடுத்து இலை அமைந்திருக்கும் விதம். ஒரு கணுவில் ஒரே இலையா, எதிரெதிரே இரண்டா, வட்டமாக மூன்றுக்கு மேலா?

இப்போது மிகவும் தடுமாற்றம் தரும் இடம்: கண்ணில் படுவது முழு இலையா, கூட்டிலையின் ஒரு சிற்றிலையா? இதற்கு நம்பகமான ஒரே அடையாளம் மொட்டு. முழு இலையின் காம்பு தண்டோடு சேரும் மூலையில் ஒரு சிறு மொட்டு இருக்கும், சில நேரம் குண்டூசித் தலையளவுதான். சிற்றிலையின் அடியில் அந்த மொட்டு இருக்காது. வேப்பமரத்தில் சோதித்துப் பாருங்கள். 'இலை' என்று நாம் பறிக்கும் பல்வைத்த ஒவ்வொன்றின் அடியிலும் லென்ஸை வையுங்கள்; மொட்டு இருக்காது. அது கோத்திருக்கும் ஈர்க்கைப் பிடித்துக் கீழே வாருங்கள். ஈர்க்கு கிளையோடு சேரும் இடத்தில் மொட்டு உட்கார்ந்திருக்கும். ஆக, அந்த ஈர்க்கு முழுவதும்தான் ஓர் இலை. முருங்கையில் இதே தேடல் இன்னும் நீளும், ஏனெனில் அதன் இலை இரண்டு மூன்று முறை கிளைத்தது. இந்த ஒரு சோதனையைக் கற்றுக்கொண்டால், அடையாளம் காண்பதில் வரும் தவறுகளில் பெரும்பகுதி குறைந்துவிடும். கைபேசிச் செயலிகள் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான். ஒற்றைச் சிற்றிலையின் படத்தைக் கொடுத்தால் அவை அதை முழு இலை என்று எடுத்துக்கொள்ளும்.

காம்படியில் இருக்கும்போதே இன்னொன்றையும் தேடுங்கள்: இலையடிச் செதில். எதிரெதிர் இலைகள் இரண்டின் காம்புகளுக்கு நடுவே தண்டில் ஒரு சிறு முக்கோணச் செதில் தெரிந்தால், இலை விளிம்பும் பல்லில்லாமல் இருந்தால், காப்பி, நுணா ஆகியவற்றின் குடும்பமாகிய ரூபியேசியாக இருக்கும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பிறகு இலையின் முதுகுப்பக்கம். இலையைத் திருப்ப வேண்டாம், கீழே குனிந்து வெளிச்சத்துக்கு எதிராக மேலே பாருங்கள். எலுமிச்சைக் குடும்பமானால் பரப்பு முழுக்க ஊசியால் குத்தியது போன்ற ஒளிபுகும் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். நரம்புகள் பிரியும் மூலைகளில் சிறு குழியோ ரோமக் கொத்தோ இருந்தால் அவை பெரும்பாலும் மைட் எனப்படும், உண்ணியைப் போன்ற மிக நுண்ணிய உயிர்கள் குடியிருக்கும் அறைகள். காம்பில் ஒரு புள்ளியைச் சுற்றி எறும்புகள் மொய்த்தால் அது பூவில்லாத இடத்தில் தேன் சுரக்கும் சுரப்பி. இலை தின்னும் புழுக்களை எறும்புகள் விரட்டும், செடி கூலி கொடுக்கும்.

பூவுக்குக் கடைசியில்தான் வரவேண்டும். இதழ்களை எண்ணுங்கள், இதழ்கள் தனித்தனியா ஒட்டியவையா என்று பாருங்கள், மகரந்தத்தாள்களை எண்ணுங்கள். சூலகம் இதழ்களுக்கு மேலே இருக்கிறதா கீழேயா என்பதைப் பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

எண்ணியதை எழுதிக்கொண்டு, ஒரு மீட்டர் தள்ளி நிழல் விழாதபடி பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். யார் வருகிறார்கள்? சிவந்த, மணமில்லாத, தடித்த குழல்பூவுக்குப் பறவை வர வாய்ப்பு அதிகம். வெளுத்த, மாலையில் மணக்கும், நீண்ட குழல்பூ அந்துப்பூச்சிக்கானது. கருஞ்சிவப்பும் அழுகல் நாற்றமும் ஈயை அழைப்பவை. இவை விதிகள் அல்ல, ஊகங்கள். உங்கள் பத்து நிமிடத்தில் வேறொன்று வந்தால் வந்ததை எழுதுங்கள்.

இப்போது பலகையைப் படியுங்கள்

கருவேலமரத்தின் பலகையை எடுத்துக்கொள்வோம். 'வாச்செல்லியா நைலோட்டிகா (எல்.) பி.ஜே.எச். ஹர்ட்டர் & மாப்.' என்று இருக்கும். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். அடைப்புக்குறிக்குள் இருக்கும் 'எல்.' என்பது லின்னேயஸ். 1753இல் அவர் இதை மிமோசா என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பவர்கள் அதை இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர்கள். நடுவில் நீண்ட காலம் இது அகேசியா நைலோட்டிகாவாக இருந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்கு என முடிவாகி, 2011இல் மெல்பர்னில் அது உறுதியானது. ஆகவே பழைய பலகையில் அகேசியா என்று கண்டால் பூங்காக்காரர்கள் தவறிழைத்ததாக எண்ண வேண்டாம். பலகை பழையது, அவ்வளவுதான்.

பெயரில் '×' குறி இருந்தால் கலப்பினம். ஒற்றை மேற்கோள் குறிக்குள் ஒரு பெயர் இருந்தால் அது மனிதர் தேர்ந்து வளர்த்த ரகம், காட்டுவடிவம் அல்ல. 'சிஎஃப்.' என்றிருந்தால் அடையாளம் இன்னும் உறுதியாகவில்லை.

பலரும் கவனிக்காமல் போவது பலகை ஓரத்தில் இருக்கும் எண்: 2014-0123 என்பதுபோல். முதல் நான்கு இலக்கம் செடி அல்லது விதை பூங்காவுக்கு வந்த ஆண்டு. அடுத்தவை அந்த ஆண்டில் வந்த வரிசை எண். இதை வைத்துத்தான் எந்த மலையில், எந்த நாளில், யார் சேகரித்தது என்ற பதிவேட்டைத் திறக்க முடியும். பக்கத்தில் ஓர் எழுத்து இருந்தால் அது மூலத்தைச் சொல்லும். 'டபிள்யூ' என்றால் நேராகக் காட்டிலிருந்து எடுத்தது. 'இசட்' என்றால் காட்டுமூலம் தெரிந்த வளர்ப்புச் செடியின் வாரிசு. 'ஜி' என்றால் தோட்டத்தில் பிறந்தது. 'யு' என்றால் மூலம் தெரியாது. ஆய்வுக்கும் காட்டில் மறுபடி நடுவதற்கும் முதல் இரண்டுக்குத்தான் மதிப்பு அதிகம். ஒரே சிற்றினத்தின் இரண்டு செடிகள் அருகருகே இருந்தும் பூங்கா இரண்டையும் விடாமல் காப்பதற்குக் காரணம் இதுவே: அவை வேறு வேறு மலையிலிருந்து வந்த வேறு வேறு மரபு.

நீங்கள் எழுதிய அடையாளங்களும் பலகையும் பொருந்தவில்லையென்றால் உடனே உங்கள் கண்ணைச் சந்தேகிக்காதீர்கள். நட்ட செடி பட்டுப்போய் அதே இடத்தில் வேறொன்று முளைத்திருக்கலாம். மரத்தின் பலகையை அதன்மேல் ஏறிய கொடியின் பலகையாக நினைத்திருக்கலாம். எண்ணையும் பாத்தியையும் குறித்துக்கொண்டு வெளியே போகும்போது சொல்லுங்கள். நல்ல பூங்காக்கள் இதை நன்றியோடு ஏற்கும்.

தொடக்கூடாதவை

தெரியாத செடியை முகர்ந்து பார்க்கலாம், சுவைக்கவே கூடாது. குன்றிமணி விதை மென்று விழுங்கினால் உயிரைப் பறிக்கும். குழந்தைகள் அதன் நிறத்துக்காக எடுப்பார்கள், கையிலேயே வாங்கிவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் சுத்தமான நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பூனைக்காலிக் காயின் சுணை தோலில் ஏறினால் தேய்க்காதீர்கள், ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தெடுங்கள், பிறகு கழுவுங்கள். செந்தட்டி பட்டாலும் தேய்க்கக்கூடாது. வட அமெரிக்காவில் மூன்று சிற்றிலை கொண்ட பாய்சன் ஐவியின் எண்ணெய் பட்டால் உடனே சோப்பும் நிறைய நீரும் கொண்டு கழுவ வேண்டும். காலணிக் கயிற்றிலும் உடையிலும் ஒட்டிய எண்ணெய் நாள் கழித்தும் அரிக்கும், அவற்றையும் துவைக்க வேண்டும்.

படம் எடுத்தல்

முதல் படம் பலகை. அதற்குப் பின் வரும் படங்கள் எல்லாம் அந்தச் செடியுடையவை என்று வீட்டில் பிரிக்க இது உதவும். தொடர்ந்து முழுச்செடி, தண்டு அல்லது பட்டை, இலை ஒட்டிய கணு, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ முன்னிருந்து, பூ பக்கவாட்டில், காய். ஒன்றிலாவது அளவுகோல் தெரியட்டும். வெள்ளைப்பூ வெயிலில் வெளிறிப்போனால் திரையில் பூவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், அல்லது உடம்பால் நிழல் கொடுங்கள். காற்றடித்தால் ஓர் அட்டையைத் தடுப்பாகப் பிடியுங்கள்; செடியைப் பிடித்து நிறுத்தினால் மென்தண்டு முறியும்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, கண்ட உயிரினங்களைப் பதியும் இணையதளத்தில் ஏற்றினால், நட்டு வளர்த்த செடி என்பதைத் தவறாமல் குறியுங்கள். குறிக்காவிட்டால் அந்த இனம் அங்கே இயற்கையாக வளர்வதாகப் பரவல் வரைபடம் பொய் சொல்லும். ஆனால் அதன்மேல் உட்கார்ந்த வண்ணத்துப்பூச்சி காட்டுயிர்தான். அதைத் தனிப் பதிவாக இடலாம். அழிவின் விளிம்பில் உள்ள ஆர்க்கிட், கள்ளி போன்றவற்றின் துல்லியமான இடத்தை எங்கும் வெளியிடாதீர்கள். பூங்காவுக்குள்ளும் திருட்டு நடக்கிறது.

வீடு திரும்பிய பிறகு

அன்றிரவே குறிப்புகளைச் சரிபாருங்கள், மறுநாள் பாதி மறந்திருக்கும். ஒவ்வொரு செடிக்கும் தேதி, நேரம், வானிலை, பலகை எண், நிலை ஆகியவை இருக்கட்டும். நிலை என்றால் துளிர், மொட்டு, முதல் பூ, முழுப் பூப்பு, வாடல், பிஞ்சு, பழம் என்று ஒரே சொற்களைத் தொடர்ந்து பயன்படுத்துங்கள். ஒருமுறை 'நிறைய பூ' என்றும் அடுத்தமுறை 'பரவாயில்லை' என்றும் எழுதினால் ஒப்பிட முடியாது. இப்போது வழங்கும் அறிவியல் பெயரைக் கியூ பூங்காவின் 'பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்' தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பத்தில் ஐந்தை மட்டும் தேர்ந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ முடியாவிட்டால் பருவத்துக்கு ஒருமுறையோ அதே ஐந்தையும் போய்ப் பாருங்கள். இலை உதிர்ந்த காலத்தையும் விடாதீர்கள். மரத்தின் கிளைப்பும், குளிர்கால மொட்டும், காய்ந்து தொங்கும் காயும் அப்போதுதான் மறைப்பில்லாமல் தெரியும்.

பூங்காவின் நாற்றுப்பண்ணையில் செடி வாங்கினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது விதையிலிருந்தோ வெட்டி நட்ட தண்டிலிருந்தோ இங்கே வளர்த்ததா, காட்டிலிருந்து தோண்டியதா? விதை எந்த இடத்திலிருந்து வந்தது? தோண்டிய செடியை வாங்கவே வேண்டாம். வேர் அறுந்த காட்டுச்செடி பெரும்பாலும் பிழைக்காது, காட்டிலும் ஒன்று குறைந்திருக்கும். உயரமான செடியைவிடச் சிறிய குழாய்ப்பையில் உள்ள இளநாற்றைத் தேர்ந்தெடுங்கள். பையின் அடியைப் பாருங்கள்: வேர் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் அது பையில் அதிக நாள் இருந்தது, நட்ட பிறகும் அந்தச் சுற்றல் தொடரும். மழைக்காலத் தொடக்கத்தில், உரம் போடாமல், அது பிறந்த நிலத்தைப் போன்ற மண்ணில் நடுங்கள். முதல் ஆண்டு வறண்ட நாட்களில் மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாக நீர் விட்டால் போதும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும்.